எல்லா நோட்டிலும் ஒரே விடை

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றெட்டு கோடை விடுமுறையில், ஜீவனஹள்ளி சர்ச் ஹாலில் ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். மற்ற பெற்றோர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். மகளை விட வரும் இவர் மட்டும் ஃபேக்டரி யூனிஃபார்மில், காதில் பென்சிலோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நான் முதுகைத் திருப்பினால் போதும், எழுந்து வந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவார்.

ஒருநாள் கொடிமரத்தின் நிழலை ஒவ்வொருவராகப் போய் அளந்துவரச் சொன்னேன். நேரம் ஆக ஆக அளவு மாறும்; ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் பாடம். எல்லோரும் அளந்து முடித்ததும், நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லா நோட்டிலும் ஒரே எண் இருந்தது. அவர் மகளுடைய நோட்டுதான் பாக்கி.

"என்ன சார் பண்ணீங்க?"

"ஒண்ணொண்ணும் ஒரு அளவு சொல்லுது சார். எங்க ஃபேக்டரில இப்பிடி வந்தா பூரா ரிஜெக்ட். பாவம், நீங்க சின்னப் பையன், யாராச்சும் திட்டப் போறாங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்."

"நிழல் நகரும் சார்!"

"அது நகரட்டும் சார். பரீட்சைல ஒரு ஆன்சர்தானே?"

மகள் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "நான் அழிக்க மாட்டேன்ப்பா. நான்தானே அளந்தேன்?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இனி அனுப்பமாட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் மகளோடு இன்னும் மூன்று பெண்பிள்ளைகளை அழைத்து வந்தார்.

"எங்க தெருப் பிள்ளைங்க சார். வாயே தெறக்காதுங்க. இவ மாதிரி பேசக் கத்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.