அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருஷம் சரியாக நினைவில்லை. அப்போது நாங்கள் ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி வந்து இறங்கினால், தெருவில் பாதி வீடு தெலுங்கு, மீதி வீடு கன்னடம். ஆண்களும் பிள்ளைகளும் தமிழ் பேசினார்கள். பெரிய பெண்களுக்குத் தமிழ் ஒன்றிரண்டு வார்த்தைதான் தெரியும், கன்னட வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் தெருவில் பேசுவது தெலுங்குதான். நான் பிறவி வாயாடி. பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் என்ற பயத்திலேயே சீக்கிரமாகத் தெலுங்கைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், ஆனால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரோஜாத் தோட்டமும் கொஞ்சம் முட்டைக்கோஸும் போட்டிருந்தார்கள். அக்கா விடியும்முன் பூப்பறிக்கப் போய்விடுவார். திரும்பி வந்து ராகிக் களியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தோட்டம். வாடகை கொடுக்க நாங்கள் தாமதித்தால் கேட்கமாட்டார், ஆனால் அவர் கொடுக்கிற கீரையை வாங்காமல் விட்டால் நாலு நாள் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனுஷி.

அந்த ஊரை ஒரு பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரி தத்தெடுத்திருந்தது. புதன்கிழமை தோறும் வேன் வரும். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். மாணவிகள் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போவார்கள். தரையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் பையை வைத்து, தண்ணீர் கேட்டு வாங்கி சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் நம்மைத் தொடுவார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அது பெரிய வேடிக்கை. பூஜைக்கு உட்காருகிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள்.

அந்த வருஷம் வந்த கடைசி ஆண்டு மாணவிகளில் ஒருத்தி எங்கள் தெருவுக்கு வந்தாள். முதல் நாளே என் வாசலில் நின்று, "எக்கா, குடிக்கத் தண்ணி தாரீங்களா" என்றாள். அந்த "எக்கா" என்னை என்னவோ செய்துவிட்டது. ஊரை விட்டு வந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. விசாரித்தால் எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளி அவள் ஊர். அன்றைக்கே அவளை உட்கார வைத்துச் சோறு போட்டேன்.

அவளுக்கு அங்கே பெரிய சிக்கல், பாஷை. பிரஷர் இருக்கிறவர்களை வைத்து அவள் ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டும். முதலில் எல்லோரிடமும் கேள்வி கேட்பது, பிறகு சில வாரம் படம் காட்டிச் சொல்லிக் கொடுப்பது, கடைசியில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பது. எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்குத் தெலுங்கு வேண்டுமே. நான் இருக்கிறேன் வா என்று கூடவே கிளம்பிவிட்டேன். அவளுடைய பையைக்கூட நான்தான் தூக்கிக்கொண்டு நடப்பேன். என் கணவர், "ஒனக்கு நர்சு வேல கெடச்சிருச்சு போல" என்று கேலி செய்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்காவுக்கும் பிரஷர் உண்டு. முதல்முறை கேட்டபோது அக்கா உள்ளதைச் சொன்னார். தலை சுற்றினால் மாத்திரை போடுவேன், சுற்றாத நாளில் எதற்கு? அதையே தமிழில் சொன்னேன், அவளும் எழுதிக்கொண்டாள். அதன்பிறகு அவள் சொல்லிக்கொடுத்த அழகைப் பார்க்க வேண்டும். ஊறுகாயைக் குறைக்கச் சொல்வதற்கு ஒரு நாடகமே போட்டார்கள். இவள்தான் அதில் குடிகாரப் புருஷன். முறுக்கு மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் ஊறுகாயும் களியும் சாப்பிட்டார்கள்.

கடைசிக் கேள்விக்கு முந்தின வாரம் அவள் முகம் வீங்கி வந்தாள். என்னவென்று கேட்டால் அழுகை. "வித்தியாசம் வரலன்னா நீ என்னத்த சொல்லிக்குடுத்தன்னு மேடம் கேப்பாங்கக்கா. எனக்கு டிகிரியே கெடைக்காது." மேடம் என்பது அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற டீச்சர். அவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, இவளாக நினைத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துவிட்டேன். இத்தனை வாரம் வெயிலில் அலைந்த பிள்ளை.

மறுவாரம் வீடு வீடாகப் போனோம். மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா என்று அவள் கேட்கச் சொல்வாள். நான் தெலுங்கில் கேட்பேன். "எங்க, ஞாபகம் இருந்தா போடறேன்" என்று தெலுங்கில் பதில் வரும். நான் தமிழில், "தினமும் போடறாங்களாம்" என்பேன். சில வீடுகளில் எனக்கு அந்த வேலைகூட இல்லை. பெண்களே, "ஆமா, தெனமும்" என்று தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை எல்லோருக்கும் செல்லம். அவள் மார்க் வாங்க வேண்டும் என்று தெருவே முடிவு செய்திருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்தோம். அக்கா தோட்டத்திலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். பழைய பதில்தான். தலை சுற்றவில்லை, அதனால் போடவில்லை, கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கிறது. நான் கூசாமல், ஒருநாளும் விடுவதில்லையாம் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு அக்கா கையில் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.

"எக்கா, மாத்திர போட்டும் இவ்வளவு ஏறியிருக்கே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோட்டத்துலயிருந்து வேகமா நடந்து வந்தாங்க பிள்ள, அதான்." அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்கள் வீட்டுக்குத் தனியாக வந்து மேடம் பேசுவார்கள் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். அந்த வரிசையில் அக்கா பெயர் போயிருக்க வேண்டும். என் பேச்சை நம்பி அவள் பையைக் கட்டிவிட்டாள். அக்கா ஒரு பை நிறைய முட்டைக்கோஸ் கொடுத்து அனுப்பினார்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு எங்கள் ஊர்க்காரர்களை வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல்வர் அம்மா அந்த வருஷம் கல்லூரி சாதித்ததை எல்லாம் வாசித்தார். புதிதாக மேற்படிப்பு தொடங்கியது, தேர்வில் ரேங்க் வாங்கியவர்கள், வெளியூர் மாநாட்டில் கட்டுரை படித்தவர்கள். பிறகு எங்கள் ஊர் பெயர் வந்தது. பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் முன்பு சிலரே, இப்போது ஏறக்குறைய எல்லோரும் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. சிறந்த ஆராய்ச்சிக்கான பரிசை அந்தப் பிள்ளை மேடையேறி வாங்கினாள். அக்கா என் காதருகே குனிந்து, "ஏமண்டாரு?" என்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார். நீங்கள் எல்லாம் மாத்திரை நன்றாகச் சாப்பிடுகிறீர்களாம் என்றேன். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

முதல்வர் அம்மா அடுத்த வரியையும் வாசித்தார். இந்தக் கிராமத்தில் நினைத்தது நிறைவேறிவிட்டதால், வரும் வருஷம் முதல் வேன் வேறொரு கிராமத்துக்குப் போகும். அதற்கும் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நேரமே எழுந்துபோய் அவளிடமோ மேடத்திடமோ சொல்லியிருக்கலாம். பரிசைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சொல்வது? வாயாடிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை வேன் நின்றுபோனது. பிரஷர் பார்க்க வேண்டுமானால் கெலமங்கலம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டும். பூப்பறிப்பை விட்டுவிட்டு யார் போவார்கள்? நான் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். அக்கா, தலைதான் சுற்றவில்லையே என்றார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அடுத்த கார்த்திகையில் ஒரு காலை, அக்காவின் மகன் கதவைத் தட்டினான். "அம்மா தோட்டத்துல உழுந்துடுச்சு, எழுந்திரிக்க மாட்டேங்குது, வாங்க." ஓடினோம். பறித்த பூக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அக்காவின் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. டெம்போவில் போட்டு ஓசூருக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம் என்றார் டாக்டர். பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்தாரா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். மகனுக்குத் தெரியவில்லை. இல்லை, சாப்பிடவில்லை என்று நான்தான் சொன்னேன். எத்தனை நாளாக என்றார். எப்போதுமே ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமான பதிலை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். அக்கா பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறியது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

நாலு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மேற்படிப்பு முடித்து, எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாளாம். அக்காவைக் கட்டிலில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வழக்கம்போலக் கை கழுவிவிட்டு வந்து நாடி பிடித்துப் பார்த்தாள். எப்படி ஆச்சு, மாத்திரை ஒழுங்காத்தானே போட்டாங்க என்று என்னைக் கேட்டாள். என் வீட்டுக்குக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மாறலன்னு வந்தாலும் அது ரிசல்ட்தாங்கக்கா. ஏன் மாறலன்னு எழுதியிருப்பேன். அதுக்கும் டிகிரி குடுத்திருப்பாங்க. இத இப்ப என் பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கேன், அப்ப எனக்குத் தெரியாது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "மாறலன்னு எழுதியிருந்தா வேனும் போயிருக்காது" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, அழைத்தும் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போய் உட்கார்ந்து, நான் செய்ததைத் தெலுங்கில் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் என் கையைத் தட்டி, குழறிக் குழறி, நீ என்ன செய்வாய், மாத்திரையைச் சாப்பிடாதது நான்தானே, யார் வந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன் என்றார். மற்றவர்கள் இதைக் கேட்டால் அக்கா மன்னித்துவிட்டார் என்பார்கள். ஆனால் கேட்பவர் மனசு குளிரப் பதில் சொல்வதில் எங்கள் தெருப் பெண்களை மிஞ்ச ஆள் கிடையாது, அன்று எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு பதில்தானோ என்ற சந்தேகம் இன்றுவரை என்னை விடவில்லை.