பின்கட்டில் நான்கு ஓடுகள்

பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டிலிருந்து இரண்டு தஞ்சாவூர்ப் படங்கள் காணாமல் போயின. பதினோரு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. எல்லோரும் வெளியூர், முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். வாசல் சாவி, வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவிடம் இருக்கும். ஓடு மாற்ற வந்த கொத்தனார்மீது வழக்கு. நான் கொத்தனாரின் வக்கீல்.

என் அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவரே எல்லாவற்றையும் சொன்னார். வேலை பார்த்தபோதே பின்கட்டில் நான்கு ஓடுகளைப் பூசாமல் விட்டிருக்கிறார். பிறகொரு நாள் அந்த வழியாகக் கயிற்றில் இறங்கிப் படங்களை எடுத்துக்கொண்டு மேலேறி, ஓடுகளைப் பழையபடி அடுக்கிவிட்டார். போலீஸார் கூரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கோர்ட்டில் பொய் சொல்வதில்லை என்று நானாக ஒரு கொள்கை வேறு வைத்திருந்தேன். கேள்வி கேட்பது பொய்யில்லையே.

அந்த அம்மாதான் முக்கிய சாட்சி. படங்கள் காணாமல் போன அன்று பொழுது சாய்கிற நேரத்தில், பின் தெருவில் கொத்தனார் துப்பட்டியில் எதையோ சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்தவர். உண்மையைத்தான் சொன்னார். நான் எழுந்து, பூட்டு உடைந்திருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். சாவி யாரிடம் இருக்கும் என்றேன். தன்னிடம்தான் என்றார். வேறு யாருக்காவது கொடுத்ததுண்டா என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து நின்றார். "பதினெட்டு வருசத்துல ஒருத்தர் கையிலயும் குடுத்ததில்லங்கய்யா."

அவ்வளவு பெருமையாகச் சொன்னார். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் கொத்தனாரை விடுதலை செய்தார்கள். அன்று மெஸ்ஸில் இரண்டாவது முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். மனசு உறுத்தியது என்று எழுத ஆசைதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

அடுத்த மாதம் அந்த அம்மா என் அறைக்கு வந்தார். படைப்புக்குக் கூடிய பங்காளிகள் எல்லோர் முன்னாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லையாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்க கேள்வியிலதேன் என் பேரு போச்சு வக்கீலய்யா. நீங்க சொன்னா அவுக கேப்பாக. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பங்காளிகள் கேட்டால், அந்த ஓடுகளைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. விடுதலையான பிறகும் கட்சிக்காரர் சொன்னது ரகசியம்தான். என்னால் முடியாதும்மா என்றேன்.

"அப்ப நீங்களும் நாந்தேன்னு நெனைக்கிறீக."

இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த அம்மா எடுக்கவில்லை என்று வக்கீலே சொன்னார் என்று அது பள்ளத்தூர் வரை போகும், அப்புறம் என்னையே கேட்பார்கள். இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டு, மேசையிலிருந்த அடுத்த கேஸ் கட்டைப் பிரித்தேன். அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார்.