மாமா முடித்து வைத்த கல்யாணம்

என் அம்மாவின் இரண்டாம் கல்யாணம், மலாயாவுக்குக் கப்பலேற ஆட்களைச் சேர்த்து வைக்கும் ஆவடி டிப்போவில், தகரக் கொட்டகைக்குள், பட்டப்பகலில் நடந்தது. தாலி இல்லை, மேளம் இல்லை, மாப்பிள்ளைக்கே சங்கதி தெரியாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, "தனி ஆம்பளைங்க போதும், இனிமே குடும்பமா வர்றவங்கதான்" என்று சொல்லி, வரிசையில் நின்ற ஒருவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். கப்பலேற்றும் ஒவ்வொரு தலைக்கும் என் மாமாவுக்குக் கமிஷன் உண்டு. ஒரு தலை நழுவுவதை அவர் பொறுப்பாரா? அம்மாவின் தோளைப் பிடித்து முன்னே தள்ளி, "இன்னா சார், இதோ அவன் சம்சாரம் கீதே, கொயந்தகூட கீது" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மாவும் அந்த ஆளும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சம்சாரம் என்று காட்டப்பட்டவள் மாமாவின் கூடப்பிறந்த தங்கை. குழந்தை நான்.

மாமாவைப் பற்றி எங்கள் ஊர் பருத்திப்பட்டில் இன்றும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தாராம், தண்ணீர்ப் பந்தல் வைத்தாராம். பேசட்டும். எனக்குத் தெரிந்த மாமா மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கங்காணி. ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து, கப்பலேற்றி, அங்கே அவர்களைக் கம்பை வைத்துக்கொண்டு மேய்ப்பதுதான் அவர் பிழைப்பு. அப்பா பேதியில் போன பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். தாத்தா சாகும்போது மேற்குப் பக்கத்து அறையைக் காட்டி, "இது பொண்ணுக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஓர் அறைதான் அம்மாவுக்கு இந்தப் பூமியில் சொந்தம். அது மாமாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. விடுப்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் ஒரு மாதம் தேனாகப் பேசினார். "ரெண்டே வருசம்மா. நாலு காசு சேத்துகினு வந்துடலாம். உன் ரூம்பு எங்க பூடப் போவுது?" அம்மா நம்பினாள். அண்ணனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

டிப்போவில் ஒரு வாரம் அடைத்து வைப்பார்கள். அம்மை குத்துவார்கள், துணிமணிகளை ஆவியில் வேக வைப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். சேலத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்களுக்கு அது வழியில் ஒரு தங்கல், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படியில்லை. வேலிக்கு அப்பால் ஏரி, ஏரிக்கு அக்கரையில் எங்கள் தெரு. சாயங்காலம் எழும்பும் புகைகளில் ஒன்றைக் காட்டி, அது நம் வீட்டு அடுப்புத்தான் என்று அம்மா அடித்துச் சொல்வாள். புல்லறுக்க வந்த ஊர்ப் பெண்கள் வேலியோரம் நின்று, "இன்னாடி, பெனாங்கு எப்டி கீது? வெய்யில் ஜாஸ்தியா?" என்று, கப்பல் போய்ச் சேரும் பினாங்குக்கே அம்மா போய்விட்டது போலக் கேலி செய்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா கையைக் காட்டிய நாளிலிருந்து சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி நாள் அதிகாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இஷ்டப்பட்டுத்தான் போகிறாயா என்று கேட்டார். மாமா பின்னால் நின்று இருமினார். அம்மா தலையாட்டினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏரிக்கரையோடு நடந்து இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அம்மாவுக்குப் புருஷனாக எழுதப்பட்ட அந்த ஆள் செய்யாற்றுப் பக்கத்து ஒரு சேரியிலிருந்து வந்தவர். கப்பலில் எங்களுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி என்று எழுதப்பட்டவர்களுக்கு, லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் ஒரே அறை. அவர் பாயை எடுத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போனார். அங்கே பெய்யும் மழை நம் ஊர் மழை இல்லை. மத்தியானம் பிடித்தால் ராத்திரி வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், தாழ்வாரமெல்லாம் சாரல். நனைந்தே தூங்கினார். விடியும் முன் வரிசையில் நிற்க வேண்டும். பேர் கூப்பிடுவதும், கம்பை ஓங்குவதும், அரைநாள் கூலியை வெட்டுவதும் மாமாதான். அம்மாவுக்கு ரப்பர் பாலுக்காக மரப்பட்டையைச் சீவத் தெரியாது, கத்தி ஆழமாகப் போய்விடும். தங்கை என்று அவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. அட்டை கடித்த காலோடு அவள் நொண்டிக்கொண்டு வந்தால், "சீக்கிரம் நட, இன்னா ஊர்வலமா?" என்று கத்துவார். அந்த வருஷமே அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அந்த ஆள் கஞ்சி வைத்து வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அவர் கையால் வைத்த கஞ்சியை எங்கள் ஜாதியில் குடிக்கமாட்டார்கள். முதல் நாள் நாய் குடித்தது, மறுநாளும் நாய்தான் குடித்தது. அதற்கடுத்த நாள் அம்மா குடித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவருடைய பாய் உள்ளே வந்தது. நான் அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா அந்த ஊரில் காலூன்றியது அதற்குப் பிறகுதான். லயத்துக்குப் பின்னால் கீரை போட்டாள், மலாய்க்காரியிடம் பேரம் பேசக் கற்றாள், சிரித்தாள். ஆனாலும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மேற்குப் பக்கத்து அறையில் வந்துதான் முடியும். சன்னலைப் பெரிசு பண்ணணும், நைனாவுக்கு அங்கே ஒரு கயிற்றுக் கட்டில் போடணும் என்பாள். நைனா, "உங்க ஊர்ல என்ன உள்ள உடுவாங்களா?" என்று கேட்பார். "என் ரூம்பு, நான் உடுவேன்" என்பாள் அம்மா.

மாமா கையில் காசு சேர்ந்ததும் ஊருக்குத் திரும்பக் கிளம்பினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் அறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை, மூக்கைப் பிடிக்காத குறையாக வெளியிலேயே நின்றார்.

"அவன உட்டுட்டு எங்கூட கெளம்பு. ஊர்ல எனக்கு மானம் மரியாத கீது."

"கையக் காட்னது நீதான அண்ணே?" என்றாள் அம்மா. "நானா தேடிகினு வந்தேன்?"

"அது ஆபீசருக்காவ சொன்னது!"

"எங்கிட்ட யாரும் அப்டி சொல்லலியே."

மாமா காறித் துப்பிவிட்டுப் போனார். சந்தோஷம், தொலைந்தார் என்று நான் நினைத்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஆவடியில் ரயிலை விட்டு இறங்கி, நைனா தலையில் டிரங்குப் பெட்டி, என் கையில் கூஜா, அம்மா ஏறக்குறைய ஓடினாள். ஏரிக்கரையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவள் அம்மாவின் பால்ய சிநேகிதி. நிமிர்ந்து பார்த்தவள் குடத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ பேயி!" என்று அலறினாள். அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. "நீ பேதியில பூட்டேன்னு ஒங்கண்ணன் சொன்னாரேடி. பதினாறாம் நாள் காரியம் பண்ணி ஊருக்கே சோறு போட்டாரே. நானும் வந்து அழுதுட்டு சாப்டேனே!"

வீட்டு வாசலில் நாங்கள் நிற்கும்போது தெருவே கூடிவிட்டது. மேற்குப் பக்கத்து அறையில் மாமா எருமைகளுக்குத் தவிடும் புண்ணாக்கும் அடைத்து வைத்திருந்தார். வெளியே வந்தவர் அம்மாவை ஒரு முறை, நைனாவை ஒரு முறை பார்த்தார். முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. "என் தங்கச்சி செத்துட்டா. நீ யாரும்மா?" என்றார். அப்படியே கேட்டார், அத்தனை பேர் முன்னால்! அவர்களில் பாதிப் பேருக்கு அம்மாவைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், வாசலை விட்டு ஒதுங்கி நின்ற நைனாவின் ஜாதியை அந்த ஒதுங்கலிலேயே கண்டுகொண்டு, அவரைப் பார்த்தபடி, "காரியம் பண்ணது பண்ணியாச்சு, இனிமே இன்னாத்துக்கு வம்பு" என்று முணுமுணுத்தார். செத்தவள் திரும்பி வருவதைவிட, சேரிக்காரன் பெண்டாட்டியாக வருவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். அம்மா மண்ணை வாரித் தூற்றுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் அண்ணனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் காரியத்துக்கு இன்னா கொயம்பு வெச்ச அண்ணே?"

எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அந்தத் தெருவில் ஆளில்லை. நைனா பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பூந்தமல்லி வழியாகக் காட்டுப்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே செங்கல் சூளையில் ஜாதி கேட்காமல் வேலை கொடுத்தார்கள். பினாங்குக்குப் பழகியதைவிட அந்த ஊருக்குப் பழகத்தான் அம்மாவுக்கு அதிக நாள் பிடித்தது. பிறந்த ஊர் நடக்கும் தூரத்தில் இருந்தும் போக முடியாத இடமாகிவிட்டதல்லவா? சூளைக்காரர்கள் எங்கள் குடிசைக்குப் பெனாங்குக்காரர் ஊடு என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேருக்கு அம்மா ஒரு நாளும் மறுப்புச் சொல்லவில்லை.

மாமாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எழுத மாட்டேன். அவர் படுக்கையில் விழுந்த செய்தி வந்தபோதும் நான் போகவில்லை, வருத்தமும் படவில்லை. ஒரு சித்திரை வெயிலில் பருத்திப்பட்டிலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க சூளைக்கு ஓடி வந்தான். மாமா விடியற்காலையில் போய்விட்டாராம். கூடப்பிறந்தவள் வந்து முகம் பார்க்காமல் பிணத்தை எடுக்கக் கூடாது, கையோடு கூட்டி வா என்று மாமி அனுப்பினாளாம். "ஊரே குந்திகினு கீது, வாங்கம்மா" என்றான்.

அம்மா தலையில் இருந்த கற்களை இறக்கி வைத்தாள். முதலில் அவனை நிழலில் உட்காரச் சொல்லி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை நின்றாள். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"செத்தவங்க சாவூட்டுக்கு வரமாட்டாங்கன்னு போய் சொல்லுப்பா."