ஷா ஆலமில் நின்ற செங்கல் லோரி

கிள்ளான் பட்டறையில் நான் ஃபோர்மேன் ஆன முதல் மாதமே ஒரு லோரி என் மானத்தை வாங்கியது. எண்பதுகளின் தொடக்கம் அது. காஜாங்குக்குச் செங்கல் ஏற்றிப் போகும் அந்த டீசல் லோரி, ஷா ஆலம் தாண்டுவதற்குள் திணறி அணைந்துவிடும்.

முதல் நாள் லோரி நின்ற இடத்துக்குப் போனதுமே ஏர் லாக் என்று தீர்ப்புச் சொன்னேன். டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, டீசல் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பைப்பில் இருந்த காற்றை எடுத்தேன். ஓடியது. மறுநாளும் நின்றது. குச்சி விட்டுப் பார்த்துவிட்டு ஃபில்டரை மாற்றினேன், ஓடியது. மூன்றாம் நாள் குச்சிக்குப் பிறகு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பையே மாற்றினேன், ஓடியது. மூன்று முறையும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை லோரி முதலாளி பட்டறைக்கே வந்துவிட்டார். அவருடைய சந்தேகம் டிரைவர் முனியாண்டி மேல்.

"டீசல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துறான்லா. இன்னிக்கும் நின்னுச்சுன்னா நாளைக்கு வேற டிரைவர்."

முனியாண்டிக்கு மூன்று பிள்ளைகள். நானோ பெரிய நிபுணன் மாதிரி, "இருக்கலாம் முதலாளி" என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று நானும் லோரியில் ஏறினேன். அதே இடத்தில் நின்றது. ஸ்பேனரோடு இறங்கினேன்.

"அண்ணே, ஸ்பேனர கீழ வைங்க. டேங்க் மூடிய மட்டும் தொறந்து மூடுங்க," என்றார் முனியாண்டி.

"நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"மூணு நாளும் நீங்க மொதல்ல செஞ்சது அதானே? நேத்து தொறக்கையில புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு. நான் கேட்டேன்."

திறந்தேன். புஸ்ஸென்றது. மூடிவிட்டு, கைப்பம்ப்பை நாலு அடி அடித்து ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வளைவுகளில் டீசல் சிந்துகிறது என்று, முந்தின வாரம் நான்தான் பழைய டியூபை வெட்டி உள்ளே ரப்பர் வைத்திருந்தேன். காற்று போகும் சின்ன ஓட்டையையும் சேர்த்தே அடைத்திருந்தேன். டீசல் குறையும்போது டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லை; பம்ப் எதை இழுக்கும்? அவ்வளவு கச்சிதமான வேலையை என் ஆயுளில் வேறெங்கும் நான் செய்ததில்லை.

ரப்பரைப் பிடுங்கி எறிந்தேன். பட்டறைக்குத் திரும்பி வந்ததும் முனியாண்டி முந்திக்கொண்டார். "மூடி கோளாறு முதலாளி. அண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு."

முதலாளி என் முதுகில் தட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோளாறு நான் பண்ணது முதலாளி. கண்டுபிடிச்சது முனியாண்டி."

பட்டறை மொத்தமும் கேட்கத் திட்டு வாங்கினேன். மறுநாள் முனியாண்டியே லோரியை எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் டூல் பெட்டியைத் திறப்பதற்கு முன் டிரைவரிடம் ஒன்று கேட்பேன்: "கடைசியா இதுல கை வெச்சது யாரு?"

பாதி நாள் ஒரே பதில்தான் வந்தது: "நீங்கதாண்ணே."