முதல் கையெழுத்து

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மத்தியாஸ் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே ஒரு பழக்கம். கம்பெனி எந்தக் காகிதம் நீட்டினாலும் சூப்பர்வைசர் வாசித்துச் சொல்லி முதல் கையெழுத்துப் போடுவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனம் அதற்குக் கீழே போடும். வாசிக்கத் தெரிந்தவர்களும் வாசிக்க மாட்டார்கள். அண்ணன் போட்டாச்சுல்ல, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் வந்த காகிதம் லயத்து வீடுகளைப் பற்றியது. அதுவரை ஒருவர் ஓய்வு பெற்றால், பிள்ளை ஒன்றை வேலைக்குப் பதிந்து வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம். இனி வேலை மட்டும்தான், வீடு கிடையாது. ஏதோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மேனேஜர் மத்தியாஸை உட்காரவைத்து, காபி கொடுத்து, சந்தையை அதன் போக்கில் விட்டால் உழைக்கிறவன் தானாக மேலே வருவான் என்றார். மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

கொழுந்து கிள்ளும் புஷ்பமேரி மட்டும் கேட்டாள்: "அண்ணே, வீட்ட விட்டுட்டு எங்க போக?"

"வீடு கேக்க ஆளு வந்தா கட்டுறவனும் வருவான் தாயி. வாடகைக்கு வீடு பாத்துக் குடுக்கது எம் பொறுப்பு."

போட்டார். எல்லோரும் போட்டார்கள்.

கட்டுகிறவன் வரத்தான் செய்தான், சுற்றுலாக்காரனுக்காக. ஊரில் இருந்த வாடகை வீடுகளும் ஹோம்ஸ்டே ஆயின. மத்தியாஸ் ஏறி இறங்காத படியில்லை. சுற்றுலாக்காரன் நாலு நாளில் தருவதை நீங்கள் மாசத்துக்காவது தருவீர்களா என்று கேட்டு வீட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். புஷ்பமேரி குடும்பம் தங்கையின் ஒற்றை அறையில் போய் ஒண்டியது.

லயம் ரிசார்ட் ஆனது. ஓய்வு பெற்ற மத்தியாஸைக் கேட் காவலுக்கு வைத்து, தங்க ஓர் அறையும் தந்தார்கள். அது புஷ்பமேரியின் அடுப்படி. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போக வேறு இடமும் இல்லை. வெட்கம்கூடக் கொஞ்ச நாளில் மரத்துப்போனது.

எஸ்டேட்டில் வேலை குறைந்ததால் அவளும் அங்கே முற்றம் பெருக்க வந்தாள். ஒருநாள் காலையில் விளக்குமாற்றோடு அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, அம்மிய சிமெண்டு வச்சுப் பதிச்சிருந்தேன். கெடக்கா?"

"கெடக்கு. பேத்துத் தரட்டா தாயி?"

அவள் யோசித்தாள். கொஞ்சம் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"வேண்டாம்ண்ணே. கொண்டு போனா வைக்க எடமில்ல. நீங்களே அரைச்சுக்கிடுங்க" என்றுவிட்டுப் பெருக்கப் போனாள்.