கரையில் எண்ணியவர்

போன தை மாதம், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ரங்கூனில், அலோன் பகுதியில், எங்கள் தெருமுனை டீக்கடையில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் மின்சாரம் இல்லை. கடையில் பாட்டரியும் வைஃபையும் உண்டு. ஹெல்சின்கியில் இருக்கும் என் மகள் ஐந்து மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை.

அவள் அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. தாயில்லாத பெண், தனியாக இருக்கிறாள். இங்கே திரும்பி வா என்று சொல்கிற நிலைமை இல்லை. அதனால் சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போ என்று வாராவாரம் நச்சரித்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஒன்று என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஒரே கேள்வி. முந்தைய வாரம் அவள் எதிர்த்துப் பேசவில்லை. தனக்குப் பிடித்த இடங்களை எல்லாம் நடந்துகொண்டே போனில் காட்டுவதாகச் சொன்னாள். பார்த்த பிறகும் நான் சென்னைதான் என்றால், வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவதாக வாக்குக் கொடுத்தாள். நான்கு இடத்தைப் பார்த்து மனம் மாறுகிற ஆளா நான் என்று தைரியமாகத்தான் இருந்தேன்.

முதலில் ஒரு நூலகம். மூன்று மாடி. நம் ஊர் நூலகம்போல வாயை மூடிக்கொண்டு உட்காரும் இடம் இல்லை. ஒரு மாடியில் தையல் மெஷின்கள் வரிசையாக இருந்தன. ஆறு வரை எண்ணினேன். யார் வேண்டுமானாலும் வந்து கிழிந்ததைத் தைத்துக்கொண்டு போகலாமாம். மேல் மாடியில் என் வயது ஆள் ஒருவர் காலை நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை.

அடுத்து டிராமில் ஏறிக் கடற்கரைக்குப் போனாள். கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரை. அதைப் பிளந்துகொண்டு ஒரு படகு ஊர்ந்து போனது. அது போன வழியில் கறுப்பாக ஒரு கோடு. ஐம்பது வருடமாக ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் படகில் போய் வருகிறவன் நான். தண்ணீரை உடைத்துக்கொண்டு போகும் படகை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, கடலின்மேல் ஒரு நாய் நடந்து போனது.

டீக்கடைக்காரம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் அரைகுறையாக வரும், கிண்டல் முழுதாக வரும்.

“ஊலே, நம்ம கடைக்கு ஐஸ்கட்டி காசு குடுத்து வாங்குறேன். அங்க கடல்லயே கெடக்கு.”

‘ஊலே’ என்றால் பர்மிய மொழியில் மாமா.

மூன்றாவது டீ வரும்போது மகள் கரையோரம் ஒரு மரப்பலகைத் துறைக்கு வந்திருந்தாள். பனிக்கட்டியில் சதுரமாக ஒரு திறப்பு. அதற்குள் இறங்க ஒரு படிக்கட்டு. வயதான பெண்கள் கம்பளித் தொப்பியோடு ஒவ்வொருவராக அதில் இறங்கி ஏறினார்கள். இறங்கியது ஐந்து பேர். ஐந்தாவது ஆள் ஏறும்வரை நான் டீயைத் தொடவில்லை.

“இதுதான்ப்பா எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்” என்றாள் மகள். “இப்ப நான் எறங்கப்போறேன். வாரவாரம் எறங்குறதுதான். பயப்படாதீங்க.”

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போன் வேறு கைக்கு மாறிவிட்டது. திரையில் என்னைவிட மூத்த ஒரு அம்மாவின் முகம். சிவந்த மூக்கு, நீலக் கண்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, போனைத் திறப்பின் பக்கம் திருப்பினார். குளியல் உடுப்பில் என் பெண். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்காதபடி கையால் திரையை மறைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரம்மா மட்டும் என்னோடு குனிந்து பார்த்தாள்.

கழுத்தளவு தண்ணீரில் போய்விட்டாள். ஏறி வா என்று கத்தினேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது. அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். போனைப் பிடிக்காத கையைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு விரலை நீட்டி ஏதோ சொன்னார். பிறகு இரண்டாவது விரல். அவர் மொழியில் எண்ணுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் ஒண்ணு, ரெண்டு என்று கூடவே சொன்னேன். என் காதோரம் டீக்கடைக்காரம்மா பர்மிய மொழியில் எண்ணத் தொடங்கினாள். ஐந்து விரலும் முடிந்து, திரும்ப முதல் விரலுக்கு வந்தார். அந்தக் கை கொஞ்சமும் அவசரப்படவில்லை. நான்காம் முறை சுற்றிவரும்போது என் பெண் படியேறினாள், உடம்பெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு.

அந்த அம்மா போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து அவள் முதுகைச் சுற்றிப் போர்த்தி, ஏதோ அதட்டினார். தண்ணீரில் அதிக நேரம் இருந்துவிட்டாளாம். மகள்தான் சொன்னாள். யாரும் தனியாக இறங்கக் கூடாது என்பது அவர்களுக்குள் வழக்கம். கரையில் ஒருவர் நின்று கணக்கு வைத்துக்கொள்வார். கடைசி ஆள் மேலே வராமல் அவர் வீட்டுக்குப் போகமாட்டார்.

“போன மாசம் காய்ச்சல்ல ஒரு வாரம் வரலப்பா. இந்தம்மா சூப்பு எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. ஏன் வரலன்னு அன்னிக்கும் திட்டுதான்.”

காய்ச்சல் வந்ததே எனக்குத் தெரியாது.

“சொல்லுங்கப்பா. சென்னைக்குப் போகணுமா?”

அவள் வெறுங்காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

“மொதல்ல கால்ல எதையாவது போடு” என்றேன். “அந்தம்மாவ நான் கும்பிட்டேன்னு சொல்லு.”

கேட்டுவிட்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. படம் கலங்கலாக இருந்தது. டீக்கடைக்காரம்மா மூன்று டீக்கும் காசு வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு சென்னைப் பேச்சை நான் எடுக்கவில்லை. கவலை விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். அது என் சுபாவம். ஆனால் பெயர் தெரியாத, ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள முடியாத அந்த அம்மா, என் மகள் ஏறி வரும்வரை கரையைவிட்டு நகரமாட்டார் என்ற நினைப்பில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.