ஹலோ அக்காவும் அழைப்பு மணிகளும்

எங்கள் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் அவரை ஹலோ அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் காதுக்குப் போகும் போன் மாலைவரை இறங்காது. எந்த வார்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவர் தலைதான் உருளும். பாவமாக இருக்கும், கோபமும் வரும். முடியாது என்று ஒருவரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

அந்த வாரம் அக்காவின் அம்மா இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாடியில் படுத்திருந்தார். கூட இருக்க வேறு ஆளில்லை.

"கட்டில்ல இருக்கிறது நான் செஞ்ச மணிதாம்மா. எதுன்னாலும் அழுத்து" என்று சொல்லிவிட்டு அக்கா வேலைக்கு வந்துவிட்டார்.

மதியம் அந்த வார்டு நர்ஸ் போனில் பிடித்துக்கொண்டார். "என்ன மேடம், ஒரு மணியும் வரல! எல்லாரும் கத்துறாங்க, போர்டுல ஒரு லைட்டும் எரியல!"

கட்டிலுக்கு ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் அது எங்கள் அறையில் ஓடும் சர்வரோடு இணைந்து கட்டில் எண்ணைச் சொல்லும். நர்ஸ் மேசைப் பலகையில் விளக்கு எரியும். அக்கா எழுதிய சர்வர் புரோகிராம் ஒரு பெட்டி சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததைக் கவனிக்கும். ஒரே ஒரு பெட்டியை மேசையில் வைத்துச் சோதித்திருந்தார், ஜம்மென்று ஓடியது. அன்றைக்கோ யாரோ ஒரு புண்ணியவான் போனுக்கு சார்ஜ் போட, ஒரு பெட்டி பேசத் தொடங்கும்போதே அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். செத்த பெட்டி ஏதாவது சொல்லும் என்று சர்வர் வாய் பார்த்து நிற்க, பின்னால் மொத்த வார்டும் வரிசையில் நின்றது.

அக்கா சர்வரை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டார். விளக்குகள் மளமளவென்று எரிந்தன. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். அம்மாவின் கட்டில் மட்டும் இல்லை.

"அப்பாடா, அம்மா தூங்குறாங்க" என்றார்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்க்கா."

"இன்னொருத்தன் பிளக்கப் புடுங்கினா மறுபடி நின்னுடும்டா. முடிச்சிட்டே போறேன்."

இணைகிற பெட்டி ஒவ்வொன்றுக்கும் சர்வருக்குள் தனித்தனியாக ஓர் ஆளைப் போட்டது மாதிரி எழுதினார். ஒன்று ஊமையாக நின்றாலும் மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. பேசாமல் நிற்பதைக் கொஞ்ச நேரத்தில் வெட்டிவிடவும் வழி செய்தார். நடுநடுவே போன்கள் வேறு. முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

இருவரும் மேலே போனோம். அம்மா விழித்தேதான் கிடந்தார். உதடு வறண்டிருந்தது. அக்கா போர்வையைச் சரிசெய்யப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். விரிப்பு முழுக்க ஈரம்.

"ஏம்மா, மணி அழுத்தலையா?"

"நீ செஞ்ச மணின்னு சொன்னியே. அழுத்தினா நீதானே ஓடி வரணும்?" அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன்னக் கூப்பிடத்தான் ஊரே இருக்கே. நானும் எதுக்குக் கூப்பிடணும்னு அடக்கிப் பாத்தேன், முடியலடி."